கொக்கியில் ஒரு கட்டை

"சுபானு வருஷம், ஐப்பசி, வியாழக்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல். முதல் நடை வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நன்றாக நசுங்கியது. குறை ஒன்றும் இல்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய காலைக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். இங்கிலீஷ் வருஷம் 1943. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், சாயங்காலம் வேறு மையில் எழுதிய வரிகள் இருக்கின்றன. அந்த வண்டி சங்ககிரிக்கு இந்தப் பக்கம் உள்ள கரட்டு மேட்டில் ஏறமுடியாமல் பின்னால் உருண்டது. கிளீனர் மாரப்பன் அதில் அடிபட்டு அங்கேயே உயிர்விட்டான். டிரைவர் செங்கோடனைப் போலீஸ் கூட்டிப்போனது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. மேலே எழுதியது பொய்யல்ல. அன்று காலையில் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

நான் பஸ் கம்பெனி ஷெட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் டெப்போவில் விபத்துத் தடுப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு இளம் மெக்கானிக், "ரெண்டாவது உலகச் சண்டை நடந்தப்ப ஸ்பேர் சாமானே கிடையாதாமே, எப்படிங்க ஓட்டினீங்க?" என்று கேட்டார். "சமாளித்தோம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்தியது. சமாளித்ததால்தான் ஒரு மனிதன் செத்தான், இன்னொருவன் ஜெயிலுக்குப் போனான் என்று சொல்ல அங்கே வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1920களின் கடைசியில் திருச்செங்கோட்டில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் என்ஜின் துடைக்கச் சேர்ந்து, அங்கேயே பிட்டர் ஆனேன். அங்கே ஒருவருக்கு ஓடுகிற பெல்ட்டில் கை சிக்கி இரண்டு விரல் போயிற்று. "ஓடுற பெல்ட்டுல கை வெச்சான், போச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். விபத்து என்றால் ஒரு ஆள், ஒரு தப்பு. முப்பதுகளின் நடுவில் பஸ் ஷெட்டுக்கு வந்தபோது அந்த நம்பிக்கையையும் என் ஸ்பானர்களோடு கொண்டுவந்தேன்.

சண்டை வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்களைக் கரியில் ஓட்டவேண்டியதாயிற்று. இன்றைக்கு இருப்பவர்கள் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். வண்டியின் பின்புறத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புத் தகட்டு உருளை ஒன்று தொங்கும். அதுதான் உலை. மேல்மூடியைத் திறந்து அடுப்புக்கரியைக் கொட்டி, கீழ்வாயில் தீ வைக்கவேண்டும். பக்கத்தில் கையால் சுற்றுகிற ஒரு காற்றாடி உண்டு. கிளீனர் அதைக் கை ஓயும்வரை சுற்றுவான். கரி கனன்று கேஸ் கிளம்பும். கேஸ் நல்லதா என்று பார்க்க ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதன் நுனியில் நெருப்புக் குச்சியைக் காட்டினால் நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரியில் ஈரம். அப்படியே ஓட்டினால் என்ஜின் இருமிக்கொண்டே போகும்.

கேஸில் ஓடும்போது என்ஜினுக்குப் பாதி பலம்தான். சமதரையில் தெரியாது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், இளவட்டங்கள் தள்ளுவார்கள். கிளீனர் இரண்டு முட்டுக்கட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தோடு கூடவே ஓடுவான். வண்டி திணறி நின்றால் இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் சக்கரத்துக்கு ஒரு கட்டையாகப் போட்டுவிடுவான். புளிய மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கி, கயிறு கோத்து, கயிற்றை ஆணி அடித்து இறுக்கிய கட்டைகள். கூரைக்கு ஏறுகிற பின்புற ஏணிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கியில் இரண்டும் தொங்கும்.

எங்கள் மேனேஜர் பெயர் அர்த்தநாரி. முதலாளியின் மருமகன். சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளை வேட்டியில் கரி படாமல் ஷெட்டுக்குள் நடந்து வரும் ஒரே மனிதர் அவர். யார் எந்தக் குறையோடு போனாலும் முழுதும் கேட்பார். நடுவில் பேசமாட்டார். கேட்டு முடித்ததும், எதிரில் நிற்பவன் கிழவனாக இருந்தாலும் பையனாக இருந்தாலும், "சமாளிச்சுக்குங்க சாமி" என்பார். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. பிரேக் லைனிங்குக்கு மதராஸுக்கு எழுதிப்போட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தவர் அவர். வண்டி நின்றால் அம்மாபேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் வராது, இளம்பிள்ளைச் சேலை சந்தைக்குப் போகாது. அதை நினைத்துத்தான் சொல்வார். நாங்களும் சமாளித்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

காலையில் முதல் நடைக்கு முன்னால் டிரைவர் குளித்துவிட்டு வருவார். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ரேடியேட்டர் முன்னால் கற்பூரம் கொளுத்துவோம். கற்பூரம் ஏற்றியதிலிருந்து வண்டி பழத்தை நசுக்கி வெளிவாசலைத் தாண்டும் வரைக்கும் யாரும் குறைவார்த்தை பேசக்கூடாது. "இல்லை", "தேஞ்சுபோச்சு", "பிடிக்காது" எதுவும் வாயில் வரக்கூடாது. கிளம்புகிற வண்டியைப் பார்த்துக் குறை சொன்னால் சொன்னது பலித்துவிடும் என்று நம்பிக்கை. யாராவது மறந்து சொல்லிவிட்டால் அவனைத் திட்டி, புதுப் பழம் வாங்கிவந்து முதலிலிருந்து தொடங்குவார்கள். நான் நிறையப் படிப்பவன், பத்திரிகைகளைச் சேர்த்துவைப்பவன். ஆனாலும் அந்த நேரத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். குறையெல்லாம் சாயங்காலம் வண்டி திரும்பும்போது சொல்லவேண்டியது. சாயங்காலமோ எல்லோருக்கும் அலுப்பு. எதிரில் அகப்பட்டவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டவன் அடுத்தவனிடம் சொன்னானா என்று யாரும் கேட்பதில்லை.

செங்கோடன் எங்கள் டிரைவர்களில் மூத்தவர். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, வண்டியைத் தட்டிக்கொடுத்து ஓட்டுவார். கிளீனர் மாரப்பன் அதற்கு நேர் எதிர். இருபத்தைந்து வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம், வாய் ஓயாது. உறவில்லாவிட்டாலும் செங்கோடனை "மாமா" என்றுதான் கூப்பிடுவான்.

"மாமா, நம்ம வண்டி மேட்டுல ஏறுறதைப் பாத்தா எங்க மாமியார் படியேறுற மாதிரியே இருக்குது. ஒரு படிக்கு ஒரு தடவை நின்னு என்னையத் திட்டுது."

"காத்தாடியைச் சுத்துடா. வாயால வர்ற காத்தையும் உள்ள உட்டா வண்டி பறக்கும்" என்பார் செங்கோடன். அவர் ஒரு நாளில் பேசுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த வாரம் என்னென்ன நடந்தது என்று பிற்பாடு ஒவ்வொருவரையும் கேட்டுக் கோத்துப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கின் பல் தேய்ந்திருந்தது. செங்கோடன் செவ்வாய்க்கிழமை என்னிடம் சொன்னார். நான் அரத்தால் ராவி, "தீபாவளி வரைக்கும் ஓடும், அண்ணா" என்றேன். சமதரையில் அது நன்றாகவே பிடித்தது. கரிக் கொட்டகையின் கூரை ஓட்டை வழியாக மூட்டைகள் நனைந்திருந்ததைக் காவலாளி மேனேஜரிடம் சொன்னான். அவர் நனையாத மூட்டைகளை முதலில் எடுக்கச் சொன்னார். நனையாதவை புதன்கிழமையே தீர்ந்துபோனது அவருக்குத் தெரியாது. தீபாவளி நேரம் என்பதால் சேலை மூட்டைகள் கூரைமேல் வழக்கத்தைவிட அதிகம். தறிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், கண்டக்டர் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொன்றும் அதனதன் அளவில் சின்ன விஷயம். ஒவ்வொன்றையும் ஒருவர் சமாளித்திருந்தார். மூன்று பேர் தனித்தனியாகச் சமாளித்தது ஒரே வண்டியில் ஏறியிருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை உலை பிடிக்க நேரமானது. மாரப்பனும் காவலாளியும் மாறி மாறிக் காற்றாடி சுற்றினார்கள். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். புகைதான் வந்தது. காய்ந்த சுள்ளி ஏதாவது போட்டுக் கிளப்புங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போனேன். திரும்பி வந்தபோது குழாய் நுனியில் சுடர் நீலமாகவே எரிந்தது. கற்பூரம் ஏற்றினோம். செங்கோடன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். பழம் நசுங்கியது.

கரட்டு மேட்டில் மழை வலுத்தது. அங்கே நடந்ததைக் கண்டக்டரும் பயணிகளும் சொன்னபடி எழுதுகிறேன். மாரப்பன் கதவைத் திறந்து, "எறங்குங்க சாமி, மேடு ஏறோணும்" என்று கூப்பிட்டான்.

"மழைங்க கண்ணு. புதுத்துணி எல்லாம் மடியில இருக்குது" என்றார் ஒரு பெரியவர்.

"வண்டி நின்னுபோச்சுன்னா புதுத்துணியோட இங்கயேதான் தீபாவளிங்க."

சிரித்தார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. பெரியவர்களை மழையில் இறக்கிவிட அவனுக்கு மனசு வரவில்லை என்றார் கண்டக்டர். வண்டி பாதி மேடு ஏறியது. என்ஜின் இருமி நின்றது. செங்கோடன் கால் பிரேக்கை மிதித்தும் வண்டி நழுவவே, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பல் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, வழுக்கியது. "கட்டை போடுறா!" என்று கத்தினார். மாரப்பன் இடது பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டான். வலது பக்கத்துக்குக் கட்டை இல்லை.

இரண்டு சக்கரமும் உருண்டிருந்தால் வண்டி நேராகப் பின்னால் போயிருக்கும். இரண்டும் நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஒன்று நின்று மற்றது உருண்டதால், நின்ற சக்கரத்தை அச்சாக வைத்து வண்டியின் பின்பாகம் இடதுபக்கமாகத் திரும்பியது. இடதுபக்கம் மண்கரை. கரைக்கும் வண்டிக்கும் நடுவில் மாரப்பன் நின்றிருந்தான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்த உலைதான் அவன்மேல் சாய்ந்தது. பயணிகளில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டிகளைச் சோதிக்கிற சர்க்கார் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தது. மூட்டை இல்லை, ஆள் இல்லை, காய்ந்த கரி.

"பிரேக் இருக்குதே மேஸ்திரி" என்றார்.

"இருக்குதுங்க. மேட்டுல, முழு லோடோட, நின்னுபோன என்ஜினோட பார்த்தா இருக்காதுங்க."

"அப்போ பிரேக் காரணமா? லோடு காரணமா? கரி காரணமா?"

"எல்லாம் சேந்துங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லை. நான் உங்களோட வாதாட வரலை. ஆனா கேஸுன்னு எழுதினா ஒரு ஆள் வேணும். மழையை, கரியை, சேலை மூட்டையையெல்லாம் கோர்ட்டுல நிறுத்தமுடியாது. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது யாரு?"

செங்கோடன்தான் பிடித்திருந்தார்.

அன்று மத்தியானம் உலையைச் சுத்தம் செய்தேன். எதற்காகவோ ஆளை விடாமல் நானே செய்தேன். சாம்பலை அள்ளிச் சல்லடையில் சலித்தபோது, தீயில் வெந்து நிறம் மாறிய ஆணி ஒன்று கிடைத்தது. ஆள்காட்டி விரல் நீளம், தலை சப்பை. முட்டுக்கட்டையில் கயிற்றை இறுக்க நான் அடிப்பதும் அதே மாதிரி ஆணிதான்.

கொக்கியில் ஏன் ஒரு கட்டைதான் இருந்தது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வழியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்தோம். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஈரக்கரியோடு மல்லாடிய அந்தக் காலையும், காய்ந்தது ஏதாவது போடுங்கள் என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. வைரம் பாய்ந்த பழைய புளியங்கட்டை. அதைவிட நன்றாகக் கனல்கிற பொருள் அந்த மழையில் ஷெட்டில் வேறு எது இருந்திருக்கும்?

காவலாளியைக் கேட்டேன். "சாமி சத்தியமா நானில்லைங்க. நான் சுத்தறப்ப சுள்ளிதான் போட்டேன். மாரப்பன் சுத்தறப்ப நான் தண்ணி எடுக்கப் போயிட்டனுங்க" என்றான். அவன் பயந்திருந்தான். பயத்தில் சொன்னதை உண்மை என்றும் பொய் என்றும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் ஜாமீன் கொடுத்துச் செங்கோடனை வெளியே கொண்டுவந்திருந்தார். கேஸ் விசாரணைக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது செங்கோடன் ஊருக்குப் போனேன். சங்ககிரிக்குத் தெற்கே, மச்சினன் தோட்டத்தில் சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மேஸ்திரி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். நான் ஆணியை எடுத்துக் காட்டி, கிடைத்த விதத்தைச் சொன்னேன்.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பார்த்தேனுங்க" என்றார்.

"எதை?"

"கொக்கியை. அன்னிக்குக் காலையில வண்டியைச் சுத்தி வந்தேனில்லீங்களா, அப்பவே பார்த்தேன். ஒரு கட்டைதான் தொங்குச்சு. கற்பூரம் எரிஞ்சுட்டிருந்துது. 'இன்னொரு கட்டை இல்லையேடா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துதுங்க. இல்லைங்கற வார்த்தையை அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது? முழுங்கிட்டேன். வாசலைத் தாண்டினப்பறம் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். தாண்டினதும் கூட்டம் ஏறிருச்சு, மறந்துபோச்சு."

"மாரப்பனுக்கும் தெரிஞ்சிருக்குமே, அண்ணா."

"தெரியாம இருக்குமுங்களா? அவனும் அதுக்குத்தான் வாயை மூடிட்டிருந்திருப்பான். என்னைக்கும் மூடாத வாயி."

நான் போனதன் நோக்கத்தைச் சொன்னேன். கட்டையை எரித்தது மாரப்பன் என்று வக்கீல் கோர்ட்டில் சொன்னால் கேஸ் இளகும், செங்கோடன் தப்பிக்க வழி உண்டு. ஆனால் இறந்தவன் தன் தப்பால் இறந்தான் என்று ஆகிவிட்டால் அவன் பெண்சாதி பாவாயிக்குச் சேரவேண்டிய நஷ்டஈடு நின்றுபோகும். அவள் அப்போது ஏழு மாதம். இரண்டும் எனக்குத் தெரியும். முடிவு செய்யவேண்டியது நானல்ல என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன்.

செங்கோடன் ஆணியை என் கையில் திருப்பி வைத்தார்.

"இது கட்டையில இருந்த ஆணிதான்னு உங்களால அடிச்சுச் சொல்லமுடியுமுங்களா, மேஸ்திரி?"

"முடியாது. கரி சுடறவங்க பழைய பெட்டிப் பலகையும் போட்டுச் சுடறாங்க. கரி மூட்டையிலயும் ஆணி வரும்."

"அப்பறம் என்னத்துக்குங்க? நீங்க நெனைக்கறது நெசமா இருந்தாலும், செத்தவன் எந்திரிச்சு வந்து ஆமாம்னும் சொல்லமாட்டான், இல்லைன்னும் சொல்லமாட்டான். நான் உசுரோட இருக்கறேன். கேக்கறதை என்னையவே கேக்கட்டும். மடியில போட்டுக்குங்க." பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

சங்ககிரிக் கோர்ட்டில் கேஸ் நீண்டநேரம் நடக்கவில்லை. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பு. லைசென்ஸ் ரத்து, ஆறு மாதம் சிறை. ஹேண்ட் பிரேக் பல்லைப் பற்றி நான் சாட்சிக் கூண்டில் சொன்னேன். "வண்டி பரிசோதனையில் பிரேக் சரியாக இருந்தது" என்று பதில் வந்தது. கரியும் மூட்டையும் பேச்சில் வந்து போயின. செங்கோடன், "நான்தானுங்க ஓட்டினேன்" என்றார். நஷ்டஈடு பாவாயிக்குக் கிடைத்தது. மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை முதல் நடைக்குக் கற்பூரத் தட்டோடு நின்றோம். மேனேஜர் அர்த்தநாரி வந்தார். அவ்வளவு காலையில் அவர் வந்ததே கிடையாது. எலுமிச்சம்பழத்தை டிரைவர் கையிலிருந்து வாங்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்ன கொறைங்க சாமி?" என்று கேட்டார்.

டிரைவர் திகைத்துப்போய், "கொறையா? ஒண்ணுமில்லீங்களே" என்றார்.

"ஒரு கொறை சொல்லாம பழம் குடுக்கமாட்டேனுங்க."

"ஐயா, வண்டி கெளம்பற நேரத்துல..."

"இன்னும் கற்பூரம் ஏத்தலைங்களே சாமி. ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ஏத்தினப்பறம் நானும் வாயை மூடிக்கறேன்."

செங்கோடன் என்னிடம் சொன்னதை நான் மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். கற்பூரம் எரிந்ததால் பேசாமல் இருந்ததை மட்டும் சொன்னேன், ஆணியைச் சொல்லவில்லை. அவர் வழக்கத்தை ஒழிக்கவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்றைச் செருகிவிட்டார். அன்றிலிருந்து டிரைவர், கிளீனர், கண்டக்டர் மூவரும் ஆளுக்கொரு குறையாவது தேடிப்பார்த்துச் சொல்லவேண்டும். மூவர் சொல்வதையும் மூவரும் கேட்கவேண்டும். ஒரு குறை என்றால் போகலாம். இரண்டு என்றால் கூரைமேல் மூட்டை கிடையாது. மூன்று உண்மையான குறைகள் சேர்ந்தால், எவ்வளவு சின்னதானாலும் வண்டி நகராது. "ஒவ்வொண்ணும் சின்னதுங்களே" என்று யாராவது சொன்னால், "அதுக்காகத்தானுங்க எண்ணிப் பாக்கறோம்" என்பார்.

முதலில் கேலிதான். ஒரு டிரைவர், "ராத்திரி பொண்டாட்டி சண்டை போட்டுத் தூங்க உடலைங்க. அது கொறையில சேருமுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "தூங்கலையா? சேருமுங்க. ஒண்ணு" என்றார்.

"சமாளிச்சுக்குங்க" என்ற வார்த்தையை அதன்பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்டதுமில்லை.

மறு வருஷம் தை மாதம் இளம்பிள்ளைக்குக் கல்யாண கோஷ்டி ஏறியிருந்த வண்டி ஒன்று, மூன்று குறையால் நிறுத்தப்பட்டது. ஒரு கண்ணாடி துடைப்பான் ஓடவில்லை, ஒரு டயரில் தேய்மானம், கிளீனருக்குக் காய்ச்சல். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா ஷெட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். முகூர்த்தம் தவறிப்போயிற்று என்று பிறகு தெரிந்தது. வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் சொல்வேன். இந்த வேலையின் கஷ்டமே அதுதான். நடந்துபோன விபத்துக்குப் பிணம் சாட்சி. நடக்காமல் போனதற்குச் சாட்சியே கிடையாது, சாபம் மட்டும் மிஞ்சும். மேனேஜர் அந்தச் சாபத்தைத் தலைகுனிந்து கேட்டுவிட்டுக் கணக்கறைக்குள் போய்விட்டார்.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தது, ஸ்பேர் சாமான் வந்தது. உலைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அர்த்தநாரி உடம்பு முடியாமல் விலகினார். அவருக்குப் பின்னால் வந்தவர், "எல்லாம் புதுசாத்தானே இருக்குது, இன்னும் என்ன கொறை கேக்கறது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். பழமும் கற்பூரமும் மட்டும் நின்றன. போன மாதம் டெப்போவில் பார்த்தேன். சக்கரத்தடியில் பழம் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

செங்கோடன் ஜெயிலிலிருந்து வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மச்சினன் தோட்டத்தில், மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டினார். கவலைமாடு பின்னோக்கி நடந்து வருகிறபோது, தொட்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையைக்கூட நிற்கவிடமாட்டார் என்று அவர் மச்சினன் சொன்னார். நான் கடைசியாகப் போனபோது கிழவராகிவிட்டிருந்தார். மாரப்பன் மகளுக்குக் கல்யாணம் ஆன சேதியைச் சொன்னேன். "அப்பிடிங்களா" என்றார். பிறகு, "அந்த ஆணி இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றார். அதற்கு அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். காவலாளி அவருக்கு முன்னாலேயே போனவன். இதை எழுதுவதால் இனி யாருக்கும் நஷ்டமில்லை.

நடந்தவற்றை நாள் பார்த்து எழுதிவைப்பது என் சுபாவம். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் இரண்டிலும் சேரவில்லை. அந்த வியாழக்கிழமை காலை இரண்டாவது கட்டை உலைக்குள் போனதா, போயிருந்தால் மாரப்பன் கையாலா காவலாளி கையாலா, அல்லது முந்தின நாளே வழியில் எங்கேனும் விழுந்து யார் வீட்டு அடுப்பிலாவது எரிந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆணி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது கட்டையின் ஆணியா, கரியோடு வந்த ஆணியா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.